அலவாங்கை ஒளித்து வைத்தால் வேலி நிற்குமா?

கேள்வி

வடமராட்சியில் ஒரு பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். எங்கள் ஆய்வுகூடக் கணினிகள் வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் வாங்கித் தந்தவை. விண்டோஸ் உரிமத்துக்குக் காசில்லாததால் எல்லாவற்றிலும் உபுண்டு 22.04 போட்டிருக்கிறோம். மேசைக் கணினிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் 'மாணவர்' என்று ஒரே கணக்குத்தான். உயர்தரப் பிள்ளைகள் பைதன் எழுதுவதற்கு மட்டும் ஒரு சேர்வர் தனியாக இருக்கிறது. அதற்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைவார்கள், நானும் அப்படித்தான்.

குழப்படி கூடிவிட்டது. பாடம் நடக்கும்போதே கணினியை நிறுத்திவிட்டு "கரண்ட் போட்டுது சேர்" என்கிறார்கள். வோல் கட்டளையால் என் திரையில் பகிடி எழுதுகிறார்கள். அதனால் ஷட்டவுன், வோல், ஜிசிசி மூன்றுக்கும் சிஎச்மோட் 700 கொடுப்போம், ரூட்டைத் தவிர ஒருவரும் பாவிக்க முடியாது என்று நினைத்து, முதலில் ஒரு மேசைக் கணினியில் செய்து பார்த்தேன். பிள்ளைகள் கணினியை நிறுத்துவது நிற்கவில்லை. ஆனால் சிஸ்டம்சிடிஎல் கட்டளை 'அனுமதி இல்லை' என்றது. பழையபடி ஆக்கலாம் என்று பார்த்தால் /யூஎஸ்ஆர்/பின் கோப்புறையில் ஏறக்குறைய எல்லாமே 755 ஆக இருந்தன. மொத்தமாக சிஎச்மோட் -ஆர் 755 கொடுத்துவிட்டேன். இப்போது சூடோவே வேலை செய்யவில்லை. சூடோ கோப்பு யூஐடி 0 இன் உடைமையாக இருக்க வேண்டும், செட்யூஐடி பிட் இடப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. ரூட்டுக்குக் கடவுச்சொல்லும் வைக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவத்தான் வேண்டுமா? கருவிகளைப் பூட்டுவதற்குச் சரியான முறை எது?

— கணினி ஆசிரியர், கரவெட்டி

பதில்

மீண்டும் நிறுவத் தேவையில்லை. அரை மணித்தியால வேலை. ஏன் இப்படி ஆனது என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் கணினியை எழுப்புவோம். (கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

உங்கள் நிர்வாகக் கணக்கால் வழமைபோல வரைகலைத் திரைக்குள் நுழைந்து, டெர்மினலைத் திறந்து, "சிஸ்டம்டி-ரன் சிஎச்மோட் 4755 /யூஎஸ்ஆர்/பின்/சூடோ" என்று அடியுங்கள். முன்னால் சூடோ போட வேண்டாம். கடவுச்சொல் கேட்டு ஒரு சிறு பெட்டி வரும். உங்கள் கடவுச்சொல்லையே கொடுங்கள். சூடோ உயிர்த்துவிடும். இது எப்படி முடிகிறது என்றால், இந்தக் கட்டளை தானாக எந்த அதிகாரமும் எடுப்பதில்லை. ஏற்கெனவே ரூட்டாக ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம்டியிடம் "இதைச் செய்து தா" என்று கேட்கிறது. சிஸ்டம்டி பொல்கிட் என்ற இன்னொரு சேவையிடம் அனுமதி கேட்கிறது. பொல்கிட் கடவுச்சொல்லைச் சரிபார்க்கப் பாவிக்கும் சிறு நிரல் /யூஎஸ்ஆர்/லிப்எக்செக் பக்கம் இருக்கிறது. உங்கள் 755 பின் கோப்புறையோடு நின்றுவிட்டதால் அது தப்பிவிட்டது. யூஎஸ்ஆர் முழுவதற்கும் கொடுத்திருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும்.

அப்படி அடைபட்டவர்களுக்கு இருப்பது மீட்பு முறை. கணினி எழும்பும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். புதிய யூஈஎஃப்ஐ கணினி என்றால் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். க்ரப் பட்டியல் வரும். அதில் மேலதிகத் தெரிவுகளுக்குள் போய், ரிகவரி மோட் என்று முடியும் வரியைத் தெரிந்து, வரும் பட்டியலில் ரூட் என்பதைத் தட்டினால் ரூட் ஷெல் கிடைக்கும். உபுண்டுவில் ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்காமல் விட்டிருந்தால் கேட்காமலே திறந்துவிடும். வட்டு வாசிக்க மட்டும் ஏற்றப்பட்டிருக்கலாம். "மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /" என்று கொடுத்துவிட்டு, மேலே சொன்ன சிஎச்மோட் 4755. பிறகு மீள்தொடக்கம்.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். கடவுச்சொல் இல்லாமல் உங்களுக்குத் திறக்கும் கதவு, பின் வாங்கில் இருக்கிற பெடியனுக்கும் அப்படியே திறக்கும். ஷட்டவுனுக்கும் வோலுக்கும் பூட்டுப் போட்ட நீங்கள் க்ரப்புக்கும் பயோஸுக்கும் கடவுச்சொல் வைத்திருக்கிறீர்களா?

சூடோ எழுந்த பிறகும் வேலை முடியவில்லை. அதனோடு சேர்ந்து வேறு பலவும் படுத்திருக்கும். பாஸ்வேர்ட் மாற்றும் கட்டளை ஏதோ டோக்கன் பிழை என்று புலம்பும். எஸ்யூ சரியான கடவுச்சொல்லையும் பிழை என்னும். மவுண்ட், கிரொன்டாப் எல்லாம் இந்த வரிசையில் வரும். எவற்றுக்கு என்ன எண் இருந்தது என்று இணையத்தில் தேடி அலைய வேண்டாம். விடை அடுத்த மேசையில் இருக்கிறது. நீங்கள் கைவைக்காத பக்கத்துக் கணினியில் "ஃபைண்ட் /யூஎஸ்ஆர்/பின் -பேர்ம் /6000 -எல்எஸ்" என்று கொடுத்தால், விசேட பிட் உள்ள கருவிகள் மட்டும் அவற்றின் உடைமையாளர், குழு ஆகியவற்றோடு வரிசையாக வரும். ஒரு திரைக்குள் அடங்கும் பட்டியல்தான். ஒவ்வொன்றும் எந்தப் பொதிக்குரியது என்று "டிபிகேஜி -எஸ்" காட்டும். 22.04 இல் ஒரு சின்ன வில்லங்கம்: /யூஎஸ்ஆர்/பின்/எஸ்யூ என்று கேட்டால் அப்படியொன்று தெரியாது என்னும், /பின்/எஸ்யூ என்று கேட்டால் சொல்லும். இரண்டு கோப்புறைகளையும் ஒன்றாக்கிய பிறகும் பொதிகளின் ஏட்டில் பழைய முகவரி மாறாமல் கிடப்பதே காரணம். பொதிகளின் பெயர் கிடைத்ததும் "ஏபிடி ரீஇன்ஸ்டால்" கொடுங்கள். பொதியை விரிக்கும்போது அதற்குள் எழுதியிருக்கும் சரியான அனுமதிகளும் சேர்ந்து வந்துவிடும். எல்லாம் சேர்த்துச் சில மெகாபைட்தான், கைத்தொலைபேசி டேட்டாவில் இறக்கலாம். ஃபெடோரா வழிவந்த இயங்குதளம் என்றால், ஒரு காலத்தில் இலங்கையில் உருவான ஹந்தான லினக்ஸ் அப்படிப்பட்டது, ஆர்பிஎம்முக்கு அனுமதிகளை மட்டும் திருத்தச் சொல்ல ஒரு தெரிவு உண்டு. டெபியன் குடும்பத்தில் அது இல்லை. மீள்நிறுவல்தான்.

கையாலே திருத்த விரும்பினால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். உடைமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளை, ஓடக்கூடிய கோப்புகளில் இந்த விசேட பிட்டை அழித்துவிடும். ஆகவே முதலில் சிஎச்ஓன், பிறகு சிஎச்மோட். மாறிச் செய்து, "4755 கொடுத்தேனே, எங்கே போனது?" என்று தலையைச் சொறிந்தவர்கள் பலர்.

இனிக் காரணத்துக்கு வருவோம். 755 என்பதில் மூன்று எண்கள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன: உடைமையாளருக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றுக்கு முன்னால் இன்னோர் இலக்கம் இருக்கிறது. அது பெரும்பாலும் பூச்சியம் என்பதால் எழுதாமல் விடுகிறோம். அந்த இடத்தில் 4 வந்தால் செட்யூஐடி, 2 வந்தால் செட்ஜிஐடி. எல்எஸ் -எல் பட்டியலில் எக்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் எஸ் நிற்கும். ஒரே ஓர் எழுத்து. நூற்றுக்கணக்கான வரிகளில் அது கண்ணில் படாதது உங்கள் குற்றமில்லை. நீங்கள் 755 என்று கொடுத்தபோது கட்டளை அதை 0755 என்று எடுத்துக்கொண்டு, அந்த எஸ்களை எல்லாம் துடைத்துவிட்டது.

அந்த ஓர் எழுத்து எதற்கு? சாதாரணமாக நீங்கள் ஓட்டும் நிரல் உங்கள் பெயரில்தான் ஓடும். உங்களுக்கு எட்டாத கோப்பு அதற்கும் எட்டாது. ஆனால் ஒரு மாணவன் தன் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். மறையாக்கிய கடவுச்சொற்கள் /இடிசி/ஷேடோ என்ற கோப்பில் இருக்கின்றன. உபுண்டுவில் அதன் அனுமதி 640. ரூட் எழுதலாம், ஷேடோ குழு வாசிக்கலாம், மாணவனுக்கு அது திறக்கவே திறக்காது. அப்படியிருக்க அவன் எப்படி மாற்றுவான்? பாஸ்வேர்ட் கட்டளையின் கோப்பு ரூட்டுக்குச் சொந்தம், அதில் செட்யூஐடி இருக்கிறது. அதை யார் ஓட்டினாலும் கேர்னல் அந்த நிரலை மட்டும் கோப்பின் உடைமையாளர் பெயரில், அதாவது ரூட்டாக, ஓடவிடுகிறது. பழைய கடவுச்சொல்லைக் கேட்டுச் சரிபார்த்து, அவனுடைய வரியை மட்டும் மாற்றிவிட்டு நிரல் ஒதுங்கிக்கொள்கிறது. பெல் ஆய்வுகூடத்தில் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டெனிஸ் ரிச்சியின் யோசனை இது. 1973 இல் விண்ணப்பித்து 1979 இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையும் அவர் பெயரில் இருக்கிறது. பின்னர் அது பொதுப் பாவனைக்கு விடப்பட்டது. சூடோ அதன் பிள்ளை. 1980 அளவில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பொப் கொகஷோலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது.

ஆக, கணினியில் இருக்கும் கருவிகள் இரண்டு சாதி. பெரும்பாலானவை வெறுங்கையர்: எல்எஸ், சிபி, ஜிசிசி, ஷட்டவுன், ஏன், சிஎச்மோட் கூட. ஓட்டுபவரின் அதிகாரத்துக்கு மேல் அவற்றிடம் எதுவும் இல்லை. ஒரு கைப்பிடியளவு கருவிகள் மட்டும் சொந்தமாக அதிகாரம் சுமப்பவை. அனுமதி எண்ணில் கவனம் தேவைப்படுவது இந்தச் சின்னக் கூட்டத்துக்குத்தான். வோலைத் தவிர, நீங்கள் பூட்டப் போனது வெறுங்கையரை. பூட்டை உடைத்தது அதிகாரம் சுமந்தவற்றில். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை இவ்வளவுதான், மற்றதெல்லாம் விளக்கம்.

வெறுங்கையரைப் பூட்டுவது, அயலவன் வேலிக் கதியாலை எங்கள் பக்கம் அரக்கி நடுவான் என்று பயந்து அவன் வீட்டு அலவாங்கை ஒளித்து வைப்பது மாதிரி. அவன் சந்தியில் இன்னொன்று இரவல் வாங்கி வருவான். ஜிசிசிக்கு 700 போட்டால் மாணவன் வீட்டில் தொகுத்த நிரலைப் பென்டிரைவில் கொண்டுவந்து, தன் வீட்டுக் கோப்புறைக்குள் பிரதி பண்ணி, தானே எக்ஸ் கொடுத்து ஓட்டுவான். அது அவனுடைய கோப்பு, அவனுக்கு அந்த உரிமை உண்டு. அதுகூட வேண்டாம். நீங்களே படிப்பிக்கும் பைதன் இருக்கிறதே! ஜிசிசியால் தொகுத்த நிரல் கேர்னலிடம் கேட்கக்கூடிய எதையும் பைதனும் கேட்கும். தொகுப்பிகளை ரூட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள் என்று லைனிஸ் போன்ற பாதுகாப்புச் சோதனை மென்பொருள்கள் ஆலோசனை சொல்வது உண்மைதான். ஒருவரும் நிரல் எழுதாத வங்கிச் சேர்வரில் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. நிரல் எழுதப் படிப்பிக்கும் ஆய்வுகூடத்தில் அது பாடத்தைத்தான் கெடுக்கும்.

இதற்கு ஒரு பரிசோதனை சொல்கிறேன், வகுப்பிலேயே செய்து காட்டலாம். எல்எஸ் கட்டளையை ஒரு மாணவன் தன் கோப்புறைக்குப் பிரதி பண்ணட்டும். பிரதி மூலம் போலவே வேலை செய்யும். பிறகு சூடோவைப் பிரதி பண்ணட்டும். ஒரு பைட்டும் மாறாத அதே கோப்பு. ஓட்டிப் பார்த்தால், உங்களுக்கு வந்த அதே பிழைச்செய்தி வரும். பிரதி அவன் பெயரில் பிறந்தது. ரூட்டின் உடைமையும் செட்யூஐடியும் கூட வரவில்லை. அதிகாரம் நிரலின் உள்ளே இல்லை, வட்டில் அந்தக் கோப்புக்கு எழுதப்பட்டிருக்கும் நாலு இலக்கத்திலும் உடைமையாளர் பெயரிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் வழியில்லை.

அதனால்தான் அந்தச் சின்னக் கூட்டத்தில் ஒரு பிழை வந்தால் உலகமே ஆடுகிறது. 2021 ஜனவரி 26 இல் சூடோவில் ஒரு நினைவகப் பிழை வெளியானது. 2011 ஜூலையில் இருந்து அங்கேயே இருந்ததாம். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2022 ஜனவரி 25 இல், குவாலிஸ் நிறுவனம் பிகே-எக்செக் என்ற கருவியில் இன்னொன்றை வெளியிட்டது. பொல்கிட்டோடு வரும் இந்தக் கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். பலருக்கு அதன் பெயரே தெரியாது. 2009 மே மாதத்து முதற்பதிப்பில் இருந்தே இருந்த ஓட்டை அது. எந்தச் சாதாரண பாவனையாளரும் அதைக் கொண்டு ரூட் ஆகலாம். திருத்திய பதிப்பு வரும்வரை என்ன செய்யச் சொன்னார்கள் தெரியுமா? சிஎச்மோட் 0755 /யூஎஸ்ஆர்/பின்/பிகே-எக்செக். முன்னால் இருந்த 4 ஐ எடுத்துவிடுவது, அவ்வளவுதான். நீங்கள் தெரியாமல் கொடுத்த கட்டளைக்குள் இந்த வைத்தியமும் ஒளிந்திருந்தது.

எங்கள் பக்கத்துக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. அந்த ஓட்டை வெளியான சில வாரங்களில் நாடு மின்வெட்டுக்குள் போனது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அதற்கு முன்னரே பெருந்தொற்றால் பாடசாலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்தக் காலத்தில் துணியால் மூடி வைத்து, பிறகு தூசி தட்டி எழுப்பிய பெட்டிகளில் 18.04 ஓ 20.04 ஓ அப்படியே இருந்தால், அவற்றுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை பாருங்கள். 18.04 இன் வழமையான ஆதரவு 2023 மே மாதத்திலேயே முடிந்துவிட்டது, 20.04 க்கு 2025 மே. ஷட்டவுனைப் பூட்டச் செலவழித்த நேரத்தை ஒரு ஏபிடி அப்கிரேட்டுக்குக் கொடுத்திருந்தால் பத்து மடங்கு பலன்.

இனி உங்கள் மூன்று கருவிகளும்.

ஷட்டவுனில் என்ன நடந்தது என்பதற்கு "எல்எஸ் -எல் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/ஷட்டவுன்" போட்டுப் பாருங்கள். அது ஒரு கோப்பே இல்லை, சிஸ்டம்சிடிஎல்லைச் சுட்டும் ஓர் இணைப்பு. ரீபூட், பவர்ஓஃப், ஹோல்ட் எல்லாமே அதே சிஸ்டம்சிடிஎல்தான். ஓட்டும்போது தன்னை எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று பார்த்து அதற்கேற்ப நடக்கும். இணைப்புக்குச் சிஎச்மோட் கொடுத்தால் அது இணைப்பின் வழியே போய்ச் சுட்டப்பட்ட கோப்பைத்தான் மாற்றும். ஆகவே நீங்கள் 700 கொடுத்தது சிஸ்டம்சிடிஎல்லுக்கு. பிள்ளைகளோ டெர்மினலுக்கே போகவில்லை. மூலையில் இருக்கும் பட்டியலில் நிறுத்து என்பதைச் சொடுக்கினார்கள். அந்தப் பொத்தான் ஷட்டவுன் கட்டளையைத் தொடுவதில்லை, டி-பஸ் வழியாக லொகின்ட் என்ற சேவையிடம் கேட்கிறது. கணினிக்கு முன்னால் நேரே இருப்பவர் நிறுத்தலாம் என்பது பொல்கிட்டின் இயல்பான விதி. மாற்ற வேண்டியது அந்த விதியை. 22.04 இல் /இடிசி/பொல்கிட்-1/லோக்கல்ஓதோரிட்டி என்ற கோப்புறைக்குள் பிகேஎல்ஏ என்று முடியும் ஒரு சிறு கோப்பில், மாணவர் குழுவுக்கு லொகின்1 இன் பவர்ஓஃப், ரீபூட் செயல்கள் இல்லை என்று எழுதலாம். 24.04 க்குப் போனால் அந்த வடிவம் செல்லாது. அங்கே ரூல்ஸ்.டி கோப்புறையில் ஜாவாஸ்கிரிப்ட் வடிவில் எழுத வேண்டும். இத்தனையும் செய்த பிறகு பெடியன் மேசைக்குக் கீழே காலை நீட்டிப் பிளக்கைத் தட்டினால், அதற்குக் கேர்னலில் மருந்தில்லை. மின்சார சபைமேல் பழி போடுபவன் பக்கத்து மேசையில் மின்விளக்கு எரிவதை எப்படி விளக்குவான் என்று கேட்பதுதான் மலிவான வழி.

வோல் விடயம் சுவையானது. இதைப் பகிடி என்று விட்டுவிட வேண்டாம். எஸ்எஸ்எச் வழியாக நீங்கள் நுழையும்போது உங்கள் திரைக்கு ஒரு டிடிவை கோப்பு உருவாகும். உடைமை உங்களுக்கு, குழு டிடிவை, அனுமதி 620. மற்ற மாணவர்கள் அதில் எழுத முடியாது. வோல் எழுதியது எப்படி? அதற்கு 2755, டிடிவை குழுவின் செட்ஜிஐடி. 2024 மார்ச்சில் ஸ்கைலர் ஃபெரான்டே என்பவர் இதில் உள்ள ஓட்டையை வெளியிட்டார். செய்தியைக் கட்டளை வரியிலேயே கொடுத்தால் அதிலுள்ள கட்டுப்பாட்டு எழுத்துகளை வோல் வடிகட்டுவதில்லை. 2013 இல் இருந்தே அப்படி. அவற்றைக் கொண்டு உங்கள் திரையைத் துடைத்து, சூடோ கடவுச்சொல் கேட்பது போன்ற போலி வரியைக் காட்டலாம். நீங்கள் நம்பிக் கடவுச்சொல்லை அடிப்பீர்கள். ஷெல் அதை ஒரு கட்டளை என்று எடுத்து, அப்படியொரு கட்டளை இல்லையே என்று தேட, உபுண்டுவின் 'கட்டளை கிடைக்கவில்லை' நிரலை ஓட்டும். உங்கள் கடவுச்சொல் அந்த நிரலுக்குக் கொடுத்த சொல்லாக ஓடும் நிரல்களின் பட்டியலில் தெரியும். அதே சேர்வரில் இருக்கும் எந்த மாணவனும் அதைப் பார்க்கலாம். உங்கள் சேர்வரின் அமைப்பு அப்படியே இதற்குப் பொருந்துகிறது. உபுண்டு முதலில் ஒரு திருத்தம் விட்டது, அது போதவில்லை. இரண்டாவது தடவை வோல், ரைட் இரண்டிலும் இருந்த செட்ஜிஐடியையே எடுத்துவிட்டது. ஆகவே சேர்வரைப் புதுப்பித்தாலே உங்கள் திரையில் எழுதுவது நின்றுவிடும். அதுவரை உங்கள் டெர்மினலில் "மெஸ்ஜ் என்" என்று கொடுங்கள், 620 என்பது 600 ஆகும்.

ஜிசிசியைச் சும்மா விடுங்கள்.

உண்மையான திருத்தம் வேறோர் இடத்தில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் 'மாணவர்' என்று ஒரே கணக்கு வைத்திருக்கிறீர்களே, அதுதான் வேர். கேர்னலுக்கு ஆள் தெரியாது, யூஐடிதான் தெரியும். முப்பது பிள்ளைகளும் ஒரே யூஐடி என்றால் ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிப்பதை எந்த எண்ணாலும் தடுக்க முடியாது. ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். ஒருவரையும் சூடோ குழுவில் போட வேண்டாம். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கான வேலைகளை ஒருவருடையதை ஒருவர் பார்த்து எழுதுவதும் இதனால் குறையும், ஆனால் வீட்டுக் கோப்புறைகள் 750 ஆக இருக்க வேண்டும். 21.04 இல் இருந்து உபுண்டு புதுக் கணக்குகளுக்குத் தானாகவே அப்படி வைக்கிறது. பழைய பதிப்பில் இருந்து ஏற்றி ஏற்றி வந்த கணினிகளில் பழைய 755 அப்படியே கிடக்கும், எவரும் எவருடையதையும் வாசிக்கலாம். உங்கள் சேர்வரில் முதலில் அதைப் பாருங்கள்.

என்றாவது ஒரு கருவியின் அனுமதியை உண்மையாகவே மாற்ற வேண்டி வந்தால் வெறும் சிஎச்மோட்டோடு நிற்க வேண்டாம். அடுத்த புதுப்பிப்பு அதைப் பழையபடி ஆக்கிவிடும். டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைட் என்ற கட்டளையில் பதிந்தால், பொதி எத்தனை முறை மாறினாலும் நீங்கள் சொன்ன எண் நிற்கும். பிகே-எக்செக் வேண்டாம் என்று முடிவெடுத்தால் 0755 ஐ அங்கே பதியலாம்.

செட்யூஐடிக்கே விடைகொடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 2024 இல் வந்த சிஸ்டம்டி 256 இல் ரன்0 என்றொரு கருவி இருக்கிறது. உங்களை மீட்ட சிஸ்டம்டி-ரன்தான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. செட்யூஐடி இல்லாமலே சூடோவின் வேலையைப் பார்க்கும். உபுண்டு 25.10 இல் சூடோவையே ரஸ்ட் மொழியில் எழுதிய பதிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அதிலும் அந்த 4 இருக்கிறது. பாடசாலை ஆய்வுகூடத்துக்கு இவற்றில் அவசரப்பட ஒன்றுமில்லை.

கேள்வி

நேர்முகத் தேர்வு ஒன்றில் என்னிடம் கேட்டார்கள்: "சிஎச்மோட் கோப்பில் இருந்தே எக்ஸ் அனுமதியை ஒருவர் நீக்கிவிட்டார். எப்படித் திருப்பிக் கொடுப்பீர்?" நான் மீள்நிறுவல் என்றேன். சிரித்தார்கள். வேறு வழி உண்டா?

— பல்கலைக்கழக மாணவி, கொக்குவில்

பதில்

உங்கள் விடை பிழையில்லை, சிரித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் எதிர்பார்த்தது, மேலே கரவெட்டி ஆசிரியருக்குச் சொன்ன அதே விடயத்தை. சிஎச்மோட் ஒரு வெறுங்கைக் கருவி. அனுமதியை மாற்றுவது கேர்னல், சிஎச்மோட் அதனிடம் கேட்கும் பல வாய்களில் ஒன்று. ரூட்டாக இருந்தால் வேறெந்த வாயாலும் கேட்கலாம். பிசிபொக்ஸ் நிறுவியிருந்தால் அதற்குள் ஒரு சிஎச்மோட் இருக்கிறது. இல்லாவிட்டால் லோடரைக் கூப்பிடலாம்: "/லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2" என்று எழுதி, அதற்குப் பின்னால் சிஎச்மோட்டின் பாதையையும் வழமையான தெரிவுகளையும் கொடுங்கள். கேர்னல் எக்ஸ் அனுமதியைப் பார்ப்பது லோடரில். லோடர் சிஎச்மோட்டை வாசித்து நினைவகத்தில் ஏற்றி ஓட்டுகிறது, அதற்கு வாசிக்கும் அனுமதி போதும்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, பைதன். ஓஎஸ் தொகுதியை இறக்கி, ஓஎஸ்.சிஎச்மோட் சார்பைக் கூப்பிட்டு, பாதையையும் எண்ணையும் கொடுப்பது. இங்கே தேர்வாளர் இன்னொரு கண்ணி வைத்திருக்கக்கூடும். எண்ணை வெறுமனே 755 என்று கொடுத்தால் பைதன் அதைப் பத்தின் அடியிலான எண்ணாக எடுக்கும். எட்டின் அடியில் அது 1363. உடைமையாளருக்கு எழுதவும் இயக்கவும் மட்டும், குழுவுக்கு வாசிக்கவும் எழுதவும், மற்ற எல்லோருக்கும் எழுதவும் இயக்கவும் அனுமதி. அதன்பிறகு அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் சிஎச்மோட் கோப்புக்குள் தான் விரும்பிய நிரலை எழுதி வைக்கலாம், அடுத்த முறை ரூட் அதை ஓட்டுவார். முன்னால் 0ஓ சேர்த்து 0ஓ755 என்று எழுத வேண்டும். பழைய பைதன் 2 பழக்கத்தில் 0755 என்று எழுதினால் பைதன் 3 இலக்கணப் பிழை என்று நிறுத்திவிடும், அது பரவாயில்லை.